புல்லி குட்டா: அலெக்சாண்டர் பார்த்த நாயா, நேற்றைய கலப்பா?

தோட்டத்துச்சாளை:
வணக்கம். என் மாமா பஞ்சாபிலிருந்து ஒரு புல்லி குட்டா குட்டி வரவழைக்கப் போகிறார். பெருந்துறைப் பக்கம் தோட்டம். கம்பிவேலி உண்டு, செம்மறி ஆடுகள் உண்டு, ஏற்கெனவே இரண்டு நாட்டு நாய்கள் கிடக்கின்றன. மாமாவின் பேரன் இப்போதுதான் தவழ்கிறான். விற்கிறவர் வாட்ஸ்அப்பில் ஒரு வண்ணப்படம் அனுப்பியிருக்கிறார். மூவாயிரம் ஆண்டுப் பழைய இனம், அலெக்சாண்டருக்குப் பரிசாகப் போனது, அக்பரின் வேட்டை நாய், உயரம் 44 அங்குலம், எடை 100 கிலோ என்று அதில் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் படவில்லை. இதில் எவ்வளவு நிஜம்? குணம் எப்படி? நல்ல நாய் என்றால் பார்வைக்கு எப்படி இருக்கும்? வளர்த்தவர்கள், பக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலிக்கருப்பு:
தம்பி, பரிசு விஷயம் கட்டுக்கதை இல்லை. கி.மு. 326-இல் அலெக்சாண்டர் பஞ்சாபுக்குள் வந்தபோது சோபைதீஸ் என்ற அரசன் 150 நாய்களைக் கொடுத்தான் என்று கிரேக்க வரலாற்றில் இருக்கிறது. சிங்கத்தின் மீது ஏவிக் காட்டினான். கவ்விய நாயின் காலை அறுத்தும் அது பிடியை விடவில்லை. வால்மீகி ராமாயணத்தையும் பாருங்கள். பரதன் தாத்தா வீட்டிலிருந்து அயோத்திக்குக் கிளம்பும்போது, கேகய மன்னன் அரண்மனையில் வளர்த்த நாய்களைக் கொடுத்து அனுப்புகிறான். புலியின் பலம், பெரிய உடம்பு, பல்லே ஆயுதம் என்று வர்ணனை. கேகயம் எங்கே இருந்தது? அதே பஞ்சாப். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? யோசிக்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

பழங்கதை:
கருப்பு சொன்ன இரண்டு செய்தியும் நூல்களில் இருப்பவைதான். அவற்றைக் கொண்டுவந்து புல்லி குட்டாவின் கழுத்தில் மாட்டுவதில்தான் எனக்குச் சிக்கல்.

சோபைதீஸ் கதையைக் கிரேக்க எழுத்தாளர்களான டயடோரஸ் எழுதுகிறார், ஸ்ட்ராபோவும் எழுதுகிறார். நாயின் பலத்தைப் பேசுகிறார்கள், பிடிவாதத்தைப் பேசுகிறார்கள். புலிக்கும் பெட்டை நாய்க்கும் பிறந்த கலப்பு என்றுகூட ஒரு பேச்சு அதில் வருகிறது. ஆனால் முகம் குட்டையா நீளமா, காது தொங்குமா நிற்குமா, தோல் மடிப்பு விழுந்ததா என்று ஒரு வரி கிடையாது. அது கனத்த தாடை கொண்ட நாயாகவும் இருக்கலாம், மலையாட்டுக் காவல் நாயாகவும் இருக்கலாம், பெரிய வேட்டை நாயாகவும் இருக்கலாம். ராமாயண வரியிலும் இதே நிலைதான்.

இன்னும் பழைய செய்தி வேண்டுமென்றால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸிடம் இருக்கிறது. பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் ஒருவர் வைத்திருந்த இந்திய நாய்களுக்குத் தீனி போடும் பொறுப்பு நான்கு பெரிய கிராமங்களுக்கு. அதற்கு ஈடாக அந்தக் கிராமங்களுக்கு மற்ற வரி கிடையாது. கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்சீஸின் சேனைக்குப் பின்னாலும் இந்திய நாய்கள் போயின என்கிறார். ஆக, சிந்து சமவெளிப் பக்கத்துப் பெரிய நாய்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டில் மவுசு இருந்தது. அதுவரை சந்தேகமே இல்லை. அந்த நாய்களுக்கும் இன்று பகவல்பூரிலோ பட்டியாலாவிலோ கட்டிக்கிடக்கும் நாய்க்கும் நடுவே ஒரே ரத்தக்கொடி ஓடுகிறது என்பதற்கு யாரிடமும் பதிவேடு இல்லை.

சங்கிலிக்கருப்பு:
பதிவேடு இல்லை என்றால் ரத்தமே இல்லை என்று ஆகிவிடுமா? எங்கள் தாத்தாவின் தாத்தாவுக்குக்கூடத்தான் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதே மண், அதே பெரிய உடம்பு, அதே விடாப்பிடி. அசீரியச் சிற்பங்களில் இருக்கும் நாயைப் பாருங்கள், அச்சு அசல் புல்லி.

பழங்கதை:
அசீரியச் சிற்பம் நினிவேயில் அசுர்பானிபால் அரண்மனையில் கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கனத்த தாடை, சுருண்ட வால், வேட்டைக்கு இழுத்துப் போகும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. அது இன்றைய ஈராக். அதே சிற்பத்தைக் காட்டித் துருக்கிக்காரர் தங்கள் கங்கால் நாய் என்கிறார், இத்தாலிக்காரர் தங்கள் மாஸ்டிஃப் (கனத்த உடம்பும் பெரிய தலையும் கொண்ட காவல் நாய்) என்கிறார். எல்லோருக்கும் அந்த ஒரே சிற்பம்தான் பாட்டன்.

அக்பர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அக்பர் காலத்து ஆட்சிக் குறிப்பு நூலான அயினி அக்பரியில் நாய்கள் பற்றிச் சின்னக் குறிப்பு உண்டு. பல நாடுகளிலிருந்து நாய் தருவித்தார், காபூலிலிருந்து, அதிலும் ஹசாரா பகுதியிலிருந்து வந்தவை உயர்ந்தவை, புலியையே எதிர்க்கும் என்று வருகிறது. புல்லி என்ற பெயர் இல்லை.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது அவர் மகன் ஜஹாங்கீர் காலத்துச் சங்கதி. 1615-இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ சூரத்தில் வந்து இறங்கினார். அவருடைய பாதிரியாராக இருந்த எட்வர்ட் டெர்ரி எழுதிய பயணக் குறிப்பில் இங்கிலாந்து மாஸ்டிஃப் நாய்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பாதுஷாவுக்கென்று கப்பலில் ஏற்றியதில் உயிரோடு வந்து சேர்ந்தவை இரண்டே. ஒன்று நடுக்கடலில் ஓங்கில் (டால்பின் வகை) கூட்டத்தைப் பார்த்துப் பாய்ந்து போய்விட்டது! வந்து சேர்ந்தவற்றுக்கு ஆளுக்கு நான்கு பணியாட்கள். இரண்டு பேர் பல்லக்கில் தூக்க, இரண்டு பேர் ஈ ஓட்ட. பாதுஷா தன் கையாலேயே தீனி கொடுக்க வெள்ளியில் இடுக்கி செய்து வைத்துக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐரோப்பிய மாஸ்டிஃப் ரத்தம் இந்த மண்ணுக்கு வந்தது வெள்ளைக்காரன் ஆட்சி பிடித்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மொகலாய அரண்மனைக்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டு வியாபாரிகள், பட்டாளத்து அதிகாரிகள், சமஸ்தான ராஜாக்கள் எல்லோரும் புல்டாக், புல் டெரியர், மாஸ்டிஃப், கிரேட் டேன் என்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். உள்ளூர்ப் பெரிய நாயோடு இவை கலக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். என் கருத்து இதுதான்: பழைய சிந்து–பஞ்சாப் நாட்டு நாயின் மேல் பல தடவை மேலைநாட்டு ரத்தம் ஏறி, ஜமீன்தார்களும் சண்டைக்காரர்களும் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நாய். அதனால் மட்டமாகிவிடாது. இங்கிலீஷ் மாஸ்டிஃபே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்து, மறுபடி தூக்கி நிறுத்தப்பட்டதுதான்.

கொசுவலை:
ஓங்கில் மீது பாய்ந்த நாய்க்கு ஒரு தனி இழை திறக்கலாம்.

மேலைக்காற்று:
டிஎன்ஏ சோதனை செய்தால் சண்டை தீர்ந்துவிடுமே?

பழங்கதை:
வீட்டுக்கு வரும் சோதனைப் பெட்டிகள், அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இனங்களோடுதான் ஒப்பிடும். பட்டியலில் புல்லி குட்டா இல்லையென்றால், அதற்குக் கிட்டத்தில் இருக்கிற மாஸ்டிஃப், புல் டெரியர் என்று பங்கு போட்டுக் காட்டிவிடும். கலப்பு நடந்ததா, வெறும் சாயலா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. முறையாக ஆய்வு செய்யப் பல ஊர்களில், ஒன்றுக்கொன்று உறவில்லாத நாய்களின் ரத்தம் வேண்டும்.

கல்லெழுத்து:
தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கண்டிப்பாகக் கொண்டுவருவார்கள். 'அலங்கு' என்ற பெயரில் இதே நாயைத் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துச் சோழர் கால இனம் என்று எழுதுகிறார்கள். பெரிய கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, ஓவியம் இருக்கிறது என்று பகிர்கிறார்கள். கல்வெட்டு எண்ணைக் கேட்டால் பதில் வராது. எத்தனையோ முறை கேட்டாயிற்று.

நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்ததே இல்லை என்று சொல்லவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் நிற்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் செத்துப்போகிறான். பக்கத்தில் அவன் நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு என்று எழுத்தே பொறித்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர், அது செய்த வேலை, எல்லாம் கல்லில்! கர்நாடகத்தில் ஆதகூர் கல்வெட்டு, தக்கோலப் போருக்குப் பிறகு வைத்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் மணலேரன் என்ற வீரன் கேட்டு வாங்கிய காளி என்ற வேட்டை நாய், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது. பன்றியும் செத்தது. அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில்.

இவ்வளவு விவரம் பொறித்த கல்லிலும் இனப் பெயர் இல்லை. எடுத்தனூர் நாயை மாஸ்டிஃப் என்று சொல்வதற்கு அந்த உருவத்தில் ஒன்றும் கிடையாது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் பதிவு செய்த நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முதோலும் உண்டு. அலங்கு இல்லை. 2005-இல் அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோதும் ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய், அவ்வளவுதான்.

சங்கிலிக்கருப்பு:
தபால்தலையில் இல்லாததால் நாயே இல்லை என்பீர்கள் போலிருக்கிறது. தஞ்சைப் பக்கம் இப்போதும் வைத்திருக்கிறார்களே.

கல்லெழுத்து:
வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. எப்போதிலிருந்து என்பதுதான் கேள்வி.

பாட்டியாலாவாசி:
வேலை காரணமாகப் பஞ்சாபில் பல வருடங்கள் இருந்தேன். தோட்டத்துச்சாளை கேட்ட மற்ற இரண்டு கேள்விக்கும் யாரும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் உயரம். 44 அங்குலம் என்பது உலகச் சாதனை. ஜீயஸ் என்ற அமெரிக்க கிரேட் டேன், உலகிலேயே உயரமான நாய் என்று கின்னஸில் ஏறியதே அந்த அளவில்தான். விற்கிறவர்கள் தலை உச்சிவரை அளப்பார்கள், அல்லது ஆளைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து நாயை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். நாயைத் தோள்பட்டை உச்சியில்தான் அளக்க வேண்டும். நல்ல கடுவன் 30 முதல் 34 அங்குலம் இருக்கும். எடை 60 முதல் 75 கிலோ. பெட்டை இரண்டிலும் குறைவு. 100 கிலோ என்று காட்டுகிற நாய் பெரும்பாலும் கொழுத்த நாய்.

உடல்வாகில் முதலில் கண்ணில் படுவது தலை. அகலமான மண்டை, கனமான சதுர வாய், உதடு தொங்கும். நெற்றியிலும் கன்னத்திலும் சுருக்கம். கழுத்துக்குக் கீழே மாட்டுக்கு அலைதாடி தொங்குவதுபோல் தோல் தளர்ந்து தொங்கும். மார்பு ஆழம், எலும்பு தடிமன், ஆனால் கால் நீளம். அதனால் இங்கிலீஷ் மாஸ்டிஃப்போல உருண்டையாகத் தெரியாது, உயரமாக, சற்றே வற்றிய உடம்பாகத் தெரியும். வயிறு கொஞ்சம் ஏறியிருக்கும். முடி மிகக் குட்டை. வால் அடியில் தடித்து நுனியில் ஒல்லியாக முடியும். வெள்ளை நிறத்துக்குத்தான் அங்கே மவுசு. வெள்ளையில் கறுப்புத் திட்டு, செம்பழுப்பு, வரிப்புலி மாதிரிக் கோடு, முழுக் கறுப்பு எல்லாமும் உண்டு. வெள்ளையில் மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் கூடுதல் விலை சொல்வார்கள். அது அழகா குறையா என்பதை மருத்துவர் யாராவது சொல்லட்டும்.

காதைக் குட்டியிலேயே ஒட்ட வெட்டிவிடுவது அங்கே வழக்கம். படத்தில் பார்க்கிற அந்த முரட்டு முகத்துக்குப் பாதிக் காரணம் வெட்டிய காதுதான். வெட்டாத காதோடு பார்த்தால் அப்பாவியாக இருக்கும். இந்தியாவில் அலங்காரத்துக்காகக் காது வெட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி உறுப்புச் சிதைப்பு, குற்றம்.

எல்லா நாயும் ஒரே அச்சில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஃப்சிஐ என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பு இந்த இனத்தை அங்கீகரிக்கவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் என்று ஒன்று கிடையாது. ஒரு பண்ணையில் சுருக்கம் அதிகம், ஒன்றில் உயரம் அதிகம், ஒன்றில் வாய் குட்டை. எல்லைக்கு அந்தப் பக்கம் பகவல்பூர், முல்தான், சிந்து என்று போனால் இன்னும் பல சாயல். ஊருக்கு ஊர் 'எங்களுடையதுதான் அசல்'.

குணம். இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்த நாய்களில் பாதிக்கு மேல் தன் ஆட்களிடம் குழந்தை மாதிரி. காலடியில் படுத்துக் குறட்டை விடும். தேவையில்லாமல் குரைக்காது. நம் நாட்டு நாய் நாலு தெரு கேட்கக் குரைத்துவிட்டுப் பின்வாங்கும். இது சத்தமில்லாமல் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தமில்லாமைதான் புதிதாக வளர்ப்பவரை ஏமாற்றும். உறுமல், பல் காட்டுதல் என்று முன்னெச்சரிக்கை குறைவாக இருக்கும் நாய்கள் இதில் உண்டு. சண்டைக்காக வளர்த்த பரம்பரை என்றால் இன்னும் குறைவு.

மனிதர்களிடம் எப்படி இருக்கும் என்பது வேறு, மற்ற நாயிடம் எப்படி இருக்கும் என்பது வேறு. முதலாவதை வளர்ப்பில் ஓரளவு திருத்தலாம். இரண்டாவது ரத்தத்தில் ஊறியது. குட்டியில் மற்ற நாய்களோடு ஓடிப்பிடித்து விளையாடும். 'எங்கள் நாய் பரம சாது' என்று வீடியோ போடுவார்கள். பெரிய இன நாய் மனதளவில் முதிர்ச்சியடைய இரண்டு, இரண்டரை வயதாகும். அந்தச் சமயத்தில் திடீரென்று ஒரு நாள் பழகிய நாயையே கவ்வும். கவ்வினால் விடாது. உங்கள் இரண்டு நாட்டு நாய்களை நினைத்தால்தான் கவலை.

ஈஸ்ட்ஹாம்:
லண்டனிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கே எக்ஸ்எல் புல்லியைத் தடை செய்தபோது, அது புல்லி குட்டாதான் என்று நம் ஆட்களே வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். அது வேறு. எக்ஸ்எல் புல்லி அமெரிக்காவில் பிட்புல் வழியில் உருவாக்கியது, குட்டையான தடித்த உடம்பு. 2024 பிப்ரவரி 1-லிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது இங்கிலாந்தில் குற்றம்.

சங்கிலிக்கருப்பு:
பாட்டியாலா அண்ணன் சொன்ன உயரக் கணக்கு சரி. சண்டைக் குணம் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம். அங்கே சண்டைக்கு விடுவதில் பாதி சுத்தப் புல்லியே இல்லை. குல் டெரியர் என்று வெள்ளையாக, சிறிய உடம்பில் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த புல் டெரியர் வழி. அதையும் புல்லியையும் சேர்த்தால் குல் டோங். வேகம் டெரியருடையது, கனம் புல்லியுடையது. கெட்ட பெயர் வாங்குவது எல்லாம் புல்லி தலையில் விழுகிறது.

முறுக்குமீசை:
சண்டை என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்? அது அந்த மண்ணின் கலை. நம்மூர்ச் சேவல்கட்டு மாதிரி. சண்டை இல்லாவிட்டால் இந்த இனமே இருந்திருக்காது.

பாட்டியாலாவாசி:
கடைசி வரி பாதி உண்மை, அதுவே இந்த நாயின் சாபம். ஆட்டம் முடிந்த பிறகு தோற்ற நாயை என்ன செய்வார்கள் என்று பார்த்திருந்தால் கலை என்று எழுத மாட்டீர்கள். காது கிழிந்து, முன்னங்கால் எலும்பு தெரிய, சீழ் பிடித்து, வண்டிக் கூலி கொடுக்க மனமில்லாமல் வயலோரம் விட்டுப்போன நாய்களைப் பார்த்திருக்கிறேன். பாகிஸ்தான் பஞ்சாபிலும் சிந்திலும் கரடிச் சண்டை வேறு நடந்திருக்கிறது. பல்லும் நகமும் பிடுங்கிய கறுப்புக் கரடியைக் கம்பத்தில் கட்டி அதன்மேல் நாய்களை ஏவுவது. அங்கேயும் சட்டம் தடுக்கிறது, 1890-ஆம் ஆண்டுச் சட்டம். நம்மிடம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. முதல் தடவை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. டீ, பன் வாங்கினால் காலி. இந்தத் தொகைக்கு எவன் பயப்படுவான்?

முறுக்குமீசை:
நான் நடப்பதைச் சொன்னேன், நடத்தச் சொல்லவில்லை.

நெறியாளர்:
சண்டைக் காணொளி இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறோம். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும். இழை தொடரட்டும்.

தோட்டத்துச்சாளை:
எல்லோருக்கும் நன்றி. பாட்டியாலா அண்ணன் எழுதியதை மாமாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். '44 அங்குலம் இல்லையா?' என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, ஆட்டுப்பட்டிக் காவலுக்கு இது ஆகுமா? இரண்டு, 23 இனங்களைத் தடை செய்தார்களே, அதில் இது வருமா?

பழங்கதை:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். 2024 மார்ச் 12-இல் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பட்டியலில் பிட்புல், ராட்வைலர், கங்கால், கேன் கோர்சோ எல்லாம் இருந்தன. புல்லி குட்டா என்று தனியாக இல்லை, ஆனால் 'மாஸ்டிஃப்கள்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வார்த்தை இருந்தது. அதற்குள் எதையும் அடைக்கலாம். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்து ரத்து செய்துவிட்டன. ஆகவே அந்தச் சுற்றறிக்கையை வைத்து யாரும் இன்று தடுக்க முடியாது. உள்ளாட்சி விதி தனி. சென்னையில் 2024 மே மாதம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்ததிலிருந்து உரிமம், வாய்ப்பூட்டு எல்லாம் கறாராகக் கேட்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். நாய் யாரையாவது கடித்து, கவனக்குறைவு உங்கள்மேல் என்று நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம். இழப்பீட்டு வழக்கு வந்தால் அது வேறு கணக்கு.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவர் என்ற முறையில் மற்றதற்குப் பதில்.

ஆட்டுக் காவல் நாய் என்பது தனிப் பிரிவு. கத்தி (Gaddi), பக்கர்வால் போன்ற இமயமலை நாய்கள் குட்டியிலிருந்தே மந்தைக்குள் படுத்து வளர்ந்து, ஆட்டைத் தன் கூட்டம் என்று எண்ணுபவை. அவற்றுக்குத் துரத்திக் கவ்வும் வேகம் மட்டுப்பட்டிருக்கும். புல்லி குட்டாவில் அந்த வேகத்தைத்தான் கூட்டிக்கூட்டித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கும் களஞ்சியத்துக்கும் காவல் என்றால் சரி. பட்டிக்குள் விடாதீர்கள். கம்பிவேலியும் போதாது. ஆறடிச் சுவர், உள்ளிருந்து பூட்டும் கதவு வேண்டும்.

உடல்நலம். இந்த உருவத்தில் வரும் நாய்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பிரச்சினைகள் இதற்கும் உண்டு. இடுப்பு மூட்டு நழுவல், கண் இமை உள்ளே அல்லது வெளியே மடங்குவது, தோல் மடிப்பில் புண். எல்லாவற்றையும்விட எமன், வயிறு முறுக்கிக்கொள்வது. ஆழமான மார்பு உள்ள நாய்க்கு வயிறு காற்றடைத்துச் சுழன்றுவிடும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே வேளையில் மலைபோல் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். தின்றதும் ஓடவிடாதீர்கள்.

குட்டி சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றுகிறார்கள். பெரிய இனக் குட்டிக்கு அது எலும்பைக் கெடுக்கும். ஒன்றரை வயது வரை எலும்பு வளர்ச்சி முடியாது. அதுவரை பைக்குக்குப் பின்னால் ஓட்டுவது, டயர் இழுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். கொங்கு வெயிலில் சித்திரை வைகாசிக்கு நிழல், தண்ணீர், ஈரத் தரை கட்டாயம். உண்ணிக் காய்ச்சலுக்கு மாதாமாதம் மருந்து. ஆயுள் எட்டிலிருந்து பத்து வருடம்.

பேரன் தவழ்கிறான் என்றீர்கள். 70 கிலோ நாய் அன்பாக மோதினாலே குழந்தைக்கு எலும்பு முறியும். எந்த இனமானாலும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது.

சங்கிலிக்கருப்பு:
டாக்டர் சார் இவ்வளவு பயமுறுத்தினால் யார்தான் வளர்ப்பார்கள்? எங்கள் வீட்டில் பெட்டை இருக்கிறது, பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து நகருமே தவிர உறுமாது. குட்டியிலிருந்தே சந்தை, கோயில், பேருந்து நிறுத்தம் என்று கூட்டிப்போய்ப் பழக்கியது.

மருந்துப்பெட்டி:
அந்தப் பழக்கம்தான் வேலை செய்திருக்கிறது. மூன்று வாரத்திலிருந்து மூன்று மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை ஆயுள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். பஞ்சாபிலிருந்து நான்கு மாதக் குட்டியாக, அதுவரை இருட்டுக் கொட்டகையில் கிடந்தது வந்தால் பாதி வாய்ப்பு போயிற்று. எட்டு வாரத்துக்கு முன்பு விற்பதை 2017-ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. ஆக எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வாரத்தில் எடுப்பது நல்லது, அதுவும் நேரில் போய். ரயிலில் தனியாக ஏற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸ் நோய் வந்தால் பெருந்துறை வந்து சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும்.

மேலைக்காற்று:
தப்பாக நினைக்காதீர்கள் தோட்டத்துச்சாளை. உங்கள் தேவைக்கு ஒரு கோம்பையோ ராஜபாளையமோ போதாதா? வெயில் தாங்கும், தீனிச் செலவு பாதி. கால்நடைத் துறையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்துச்சாளை:
நானும் அதைத்தான் சொன்னேன். 'கோம்பை எல்லார் வீட்டிலும் இருக்கிறது' என்கிறார். நாய் வேண்டுமா, ஊர் பார்க்க வேண்டுமா என்று அத்தை கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

சரி, விற்பவர் இன்று குட்டியின் படம் அனுப்பினார். முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒரு கண் நீலம். 'அபூர்வம்' என்று கூடுதல் விலை. பாட்டியாலா அண்ணன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்னார்.

மருந்துப்பெட்டி:
நீலக் கண், முழு வெள்ளை இரண்டும் சேர்ந்தால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். நிறமி செல்கள் உள்காதில் இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு செத்துவிடும். டால்மேஷியனில் இது ஊரறிந்தது, நம் ராஜபாளையத்திலும் வெள்ளைக்காக நெருங்கிய உறவில் சேர்த்ததால் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் எளிதில் புண்ணாகும். அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

செவிட்டு நாயையும் கைச்சாடையில் பழக்கி வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். ஆனால் தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு எழுந்து கவ்வும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில், இந்த உருவ நாய் வேண்டாம்.

விற்பவரிடம் காணொளி கேளுங்கள். குட்டி அசந்து தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். காது திரும்ப வேண்டும். கூடப் பிறந்த குட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவை எழுந்தால் இதுவும் எழும். இந்தச் சோதனையில் இரண்டு காதும் கேட்காததுதான் தெரியும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பாட்டியாலாவாசி:
அதே காணொளியில் தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள் தம்பி. கட்டாமல், புதிய ஆள் ஒருவர் பக்கத்தில் போகும்போது அது என்ன செய்கிறது என்று எடுக்க வேண்டும். தாய் இங்கே இல்லை, வேறு ஊரில் இருக்கிறது என்றால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

தோட்டத்துச்சாளை:
இரண்டையும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். நீலக்குறி விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.